ஸ்டெல்லா அக்காவின் தபால் ஓட்டு

ஜூன் 19, புதன்

சே.ம.சூ.

வெயில். காலை எட்டுக்கே செருப்பு தார்ரோட்டில் ஒட்டுகிறது. பெருநாள் லீவு முடிந்து இன்றுதான் தபால் ஆபீஸ் திறந்தார்கள். நடந்தே போனேன். ஸ்டெல்லா அக்காவின் பெட்டியில் ஒரு பீட்சா நோட்டீஸ், ஒரு பல் டாக்டர் நோட்டீஸ். ஓட்டுச்சீட்டு இல்லை.

துபாயில் தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். ஆபீஸ் சுவர் முழுக்கச் சின்ன இரும்புப் பெட்டிகள். நாமே சாவி போட்டுப் பார்க்கவேண்டும். இந்த வாரம் மட்டும் நான் நாலு தடவை போனதாக கவுண்டரில் இருக்கும் மலையாளத்து அண்ணன் சொல்கிறார். லீவில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்ததாக நான் புலம்பினதையும் சேர்த்துவிட்டார் போல.

"சேச்சி, லண்டன்ல இருந்து லவ் லெட்டரா?"

"ஆமா அண்ணே. ராஜா எழுதுகேன்னு சொல்லியிருக்காரு. பதில் எழுத நீங்கதான் வரணும்."

வீட்டில் அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில். கால் இரண்டும் ஸ்டூலில். வீக்கம் நேற்றைக்கு மேல்.

"வந்துதா பிள்ளே?"

"வந்துதுக்கா. ஒரு பீட்சா வாங்குனா ஒண்ணு சும்மாவாம். போடுவோமா ஓட்டு?"

"சவமே" என்றார். சவம் என்றால் குஷியாக இருக்கிறார் என்று அர்த்தம். கோபம் வந்தால் 'புஷ்பம்' என்று முழுப்பேர் சொல்லுவார்.

இங்கிலாந்தில் தேர்தல் ஜூலை 4. அன்று ராத்திரி பத்துக்குள் சீட்டு அந்த ஊர் ஆபீஸில் இருக்கவேண்டும். வழியில் மாட்டிக்கொண்டால் குப்பை. அக்காவுக்குத் தூக்கம் வராமல் இருப்பது இதற்குத்தான். இதயம் வீங்கினதற்கு இல்லை.

வாங்க வேண்டியது: உப்பில்லாத பிஸ்கட், தண்ணி மாத்திரை 1 அட்டை, கறிவேப்பிலை, பேனா 2 (கறுப்பு, அக்கா கேட்டது).

மேலே சே.ம.சூ. போட்டாச்சு. சேசு, மரி, சூசை. அஞ்சாம் வகுப்பு வரை படித்ததில் மறக்காதது இது ஒன்றுதான். எந்தத் தாளில் எழுதினாலும் முதலில் தலைப்பில் இது இருக்கவேண்டும் என்று சிஸ்டர் சொல்லித்தந்தார். பரீட்சை பேப்பரில் அதற்கு மட்டும் நான் தப்பு விட்டதில்லை. கடை லிஸ்டிலும் போடுவேன். போட்டால்தான் கை ஓடும்.


ஜூன் 21, வெள்ளி

சே.ம.சூ.

வெயிலோடு புழுக்கம். பெட்டி காலி.

மீன் குழம்பு வைத்தேன், உப்பு போடாமல். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கடல்ல இருந்து வந்த மீனுக்கே உப்பு இல்லாமப் பண்ணிட்டியே" என்றார். "டாக்டர் சொன்னது அக்கா" என்றேன். "நான் முப்பது வருசம் நர்சு. எனக்கு எத்தன நாளுண்ணு எனக்குத் தெரியும். ஒரு கல்லு உப்பு போடு."

போடவில்லை. இரண்டு பேருக்கும் கோபம். கோபத்தோடு டிவி பார்த்தோம்.

சாயந்தரம் கேட்டேன். "ஏன்க்கா, இந்த ஒரு ஓட்டுக்கு இந்தப் பாடு? நீங்க போடாட்டா அங்க ராஜா சாப்பிடமாட்டாரா?"

அப்போதுதான் சொன்னார். ஒன்பது வருஷம் இந்த வீட்டில் வேலை பார்த்தும் இதை என்னிடம் சொன்னதில்லை.

சின்ன வயதில் கடியப்பட்டினத்திலிருந்து இங்கிலாந்து போனபோது, வேலைக்கு எடுத்த ஏஜென்சி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டதாம். டூட்டி அதிகம் என்று வாய் திறந்ததும், ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டல். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரி ஒருத்தி, உன் எம்.பி.யைப் போய்ப் பார் என்றாளாம். அந்த ஊரில் எம்.பி. சனிக்கிழமை தோறும் ஒரு லைப்ரரியில் மேசை போட்டு உட்காருவாராம். யாரும் போகலாம். டோக்கன் வாங்கினால் போதும்.

"நான் நடுங்கிக்கிட்டே போய் இருந்தேன் பிள்ளே. எந்த நாடுண்ணு கேப்பான், விசா காட்டுண்ணு சொல்லுவான்னு நெனச்சேன். அந்த மனுசன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. நீங்க எந்தத் தெரு?"

"தெருவா?"

"தெருதான். அவருக்க தொகுதித் தெருண்ணா நான் அவருக்க ஆளு. அவ்ளோதான். அங்கேயே லெட்டர் எழுதுனாரு. பத்து நாளுல பாஸ்போர்ட்டு கைக்கு வந்துது. இந்தியாக்காரியா இருந்தாலும் அங்க குடியிருந்தா ஓட்டு உண்டுண்ணு அப்பந்தான் தெரியும். அதுக்குப் பொறவு ஒரு தேர்தல விட்டதில்ல. மழையில கட்சி ரிப்பன் குத்திக்கிட்டு பூத்து வாசல்ல நிண்ணுருக்கேன். எண்ணுற எடத்துல ஏஜெண்டா உக்காந்துருக்கேன்."

பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார். இந்திய ஓட்டு போச்சு. அக்காவின் வீட்டுக்காரர் மாமாவுக்கு துபாயில் வேலை கிடைத்து வந்தார்கள். வெளியே பதினைந்து வருஷம் ஆனால் பேரை வெட்டிவிடுவது அந்த நாட்டுச் சட்டம். அதுவும் போச்சு. இங்கே கேட்கவே வேண்டாம்.

"மூணு நாடு இருந்தும் ஒரு ஓட்டு இல்லாமக் கெடந்தேன். இந்த வருசம் சட்டத்த மாத்தி, எத்தன வருசம் ஆனாலும் போடலாம்னுட்டானுவ. எனக்க பேரு பழைய தெருவுல திரும்ப ஏறிருச்சு. இது கடைசி. இத விடமாட்டேன்."

அல் குசைஸில் நான் முதலில் வேலை பார்த்த வீட்டில் என் பாஸ்போர்ட் நாலு வருஷம் அலமாரிக்குள் இருந்தது. போய்க் கேட்க எனக்கு ஒரு லைப்ரரி தெரியாது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. "ஒங்க எம்.பி. ஆளு அழகா இருப்பாரா?" என்று கேட்டேன். "வழுக்க" என்றார்.

குழம்பில் ஒரு கல் உப்பு போட்டேன். ஒன்றே ஒன்று.


ஜூன் 24, திங்கள்

சே.ம.சூ.

வந்துவிட்டது. பெட்டி நிறைய வெள்ளைக் கவர். மலையாளத்து அண்ணனிடம் தூக்கிக் காட்டினேன். "கல்யாணம் எப்போ சேச்சி?" என்றார். வழியெல்லாம் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன், வியர்வை படாமல்.

அக்கா உடனே எழுதவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, காதுக்கம்மல் மாட்டச் சொன்னார். மாமா எடுத்துக் கொடுத்த நீலச் சேலை. கட்டிவிடுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கி உட்கார்ந்தார்.

"சாப்பாட்டு மேசைக்குப் போறதுக்கு இந்த அலங்காரமா அக்கா?"

"பூத்துக்குப் போறேன்டி."

மேசையைத் துடைத்துக் கறுப்புப் பேனாவை வைத்தேன்.

"திரும்பி நில்லு."

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுல்லா?"

"தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் திரும்பி நில்லு. நான் ஆருக்குப் போடுகேன்னு எனக்க மாப்பிளைக்கே தெரியாது. இது எனக்கு மட்டும் உள்ளது."

ஃபிரிட்ஜைப் பார்த்து நின்றேன். அதில் நான் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிற மாத்திரை லிஸ்டை முழுசாக வாசித்தேன். பின்னால் பேனா சத்தம். ரொம்ப நேரம் எடுத்தார். பிறகு மடிக்கிற சத்தம்.

அடுத்தது கையெழுத்து. அது வேறு தாள். பிறந்த தேதியும் எழுதி, பழைய கையெழுத்து மாதிரியே போடவேண்டுமாம். கை நடுங்குகிறது. பழைய நியூஸ்பேப்பர் ஓரத்தில் பதினேழு தடவை போட்டுப் பார்த்தார். பதினெட்டாவதைத் தாளில் போட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அத்தோடு இருமல். மூச்சு விடமுடியவில்லை. கட்டிலில் சாய்த்து, மாஸ்க் மாட்டி, முதுகைத் தடவினேன். மாஸ்க்குக்குள்ளிருந்தே சொன்னார்: "சீட்டு சின்னக் கவர்ல. கையெழுத்துத் தாளும் சின்னக் கவரும் பெரிய கவர்ல. நல்லா ஒட்டு."

தூங்கினதும் ஒட்ட உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் போகிற தாள். கடல் தாண்டி, பனி தாண்டி. துணை இல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. ஓட்டுச்சீட்டின் மடிப்பைப் பிரித்து, தலைப்பில் சின்னதாக சே.ம.சூ. போட்டேன். திரும்ப மடித்து ஒட்டினேன்.

பிரித்தபோது அக்கா போட்ட குறி கண்ணில் பட்டது. எந்தக் கட்டத்தில், எந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் என்று பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.


ஜூன் 25, செவ்வாய்

சே.ம.சூ.

தபாலில் போட்டால் போய்ச் சேராது என்று கூரியரில் கொடுக்கச் சொன்னார் அக்கா. மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் உள்ள கூரியர் கடை. கம்ப்யூட்டரில் இருந்தது மதுரைக்காரத் தம்பி.

"உள்ள என்னக்கா? ஊறுகாயா?"

"ஓட்டு."

"என்னது?"

"ஓட்டு, தம்பி. ஓட்டு கேள்விப்பட்டதில்லியா?"

"கேள்விப்பட்டிருக்கேன். பார்சல் பண்ணித்தான் பாத்ததில்ல." பொருளின் மதிப்பு எழுதாமல் மெஷின் எடுக்காதாம். பூஜ்யமும் எடுக்காதாம். ஒரு திர்ஹம் என்று தட்டினார். நான் விடவில்லை. ஒரு ஒன்பது போட்டு, அதுக்குப் பக்கத்தில் இடம் உள்ள மட்டும் ஒன்பது போடு என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு திர்ஹத்திலேயே விட்டுவிட்டார்.

மத்தியானம் ஆல்பர்ட் போன், ஸ்பீக்கரில். அக்காவின் ஒரே மகன். மான்செஸ்டர் பக்கம் இருக்கிறான். தமிழ் புரியும், பேச்சு இடறும்.

"மம்மி, ப்ராக்சி எழுதிருந்தா உங்களுக்குப் பதில் நானே போய்ப் போட்டிருப்பேன்ல. எதுக்கு டென்ஷன்?"

"நீ ஒனக்க ஓட்டயே போடமாட்ட. எனக்கத எப்படிடா போடுவ?"

"எல்லாரும் ஒண்ணுதான் மம்மி. யார் வந்தாலும் ஒண்ணும் மாறாது."

அக்கா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எனக்குப் பாஸ்போர்ட்டு திரும்பி வந்துதுல்லா? அதுனாலதான் நீ அங்க பொறந்த" என்றார். போனை என்னிடம் நீட்டினார்.

"ஆன்ட்டி, அம்மா எப்படி இருக்காங்க? உண்மையச் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னேன்.

பி.பி. 90/50. கால் வீக்கம் முழங்கால் வரை.


ஜூன் 27, வியாழன்

சே.ம.சூ.

காற்றே இல்லை. அக்கா இன்று தெளிவாகப் பேசினார். ஓட்டு எண்ணுகிற இடத்தில் ஏஜெண்டாக இருந்த கதை. விளையாட்டு ஹாலில் நீள மேசை போட்டு, சீட்டைப் பிரித்துப் பிரித்து அடுக்குவார்களாம். நான் கால் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"சில ஆளுவ சீட்டுல படம் வரைவானுவ. கெட்ட வார்த்த எழுதுவானுவ. ஒருத்தன் அவனுக்க பேர எழுதி வச்சிருந்தான். தள்ளிட்டாங்க."

"பேர் எழுதுனா என்னக்கா?"

"ஆருக்க சீட்டுண்ணு தெரியுற மாதிரி ஒரு எழுத்து, ஒரு குறி இருந்தாப் போதும், செல்லாது. ரகசியம் போச்சுல்லா? சீட்டுல குறி தவிர ஒரு புள்ளி இருக்கக் கூடாது."

என் கை அவர் காலிலேயே நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? அமுக்கு."

அமுக்கினேன்.


ஜூன் 28, வெள்ளி

கூரியர் கடைக்கு ஓடினேன். திறக்குமுன்னே போய் நின்றேன். பார்சலைத் திரும்ப எடுக்க முடியுமா தம்பி என்றேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "லண்டன்ல எறங்கியாச்சுக்கா. போய்ச் சேரப் போகுது, சந்தோசப்படுங்க" என்றார்.

மேலே ஒன்றும் போடவில்லை. பேனா அந்த இடத்துக்குப் போனது. திருப்பிக்கொண்டேன்.


ஜூன் 29, சனி

நான் கிண்டல் பண்ணாமல் இருந்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவார். பிடித்துவிட்டார்.

"ரெண்டு நாளா ஊமையாட்டம் இருக்க. ஊர்ல ஆருக்கும் ஒண்ணும் இல்லியே?"

சொல்லிவிட்டேன். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல். தாளைப் பிரித்தது, எழுதியது, மூன்று எழுத்து. கடைசியில், "நல்லதுக்குண்ணு நெனச்சேன்க்கா" என்றேன்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"புஷ்பம்" என்றார். முழுப்பேர். "அது எனக்குக் கடைசிண்ணு சொன்னேன்லா?"

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத்திரை கொடுத்தால் வாங்கினார். கஞ்சி கொடுத்தால் குடித்தார். பேசவில்லை. அக்கா திட்டி நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் பார்த்ததில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.


ஜூன் 30, ஞாயிறு

காலையில் கூப்பிட்டார். "பிள்ளே." ஓடினேன்.

"நீ எங்க எழுதுன? மேலயா கீழயா?"

"மேல. ஓரத்துல."

"பெருசாவா?"

"சின்னதா. எறும்பு மாதிரி."

கண்ணை மூடி யோசித்தார். அந்த ஹாலைத்தான் மனசில் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இப்படிச் சந்தேகம் உள்ள சீட்ட அவனுவ உடனே தள்ளமாட்டானுவ. தனியா ஒரு தட்டுல வைப்பானுவ. பொறவு பெரிய ஆபீசர் வந்து ஒவ்வொண்ணா எடுத்து, எல்லாக் கட்சி ஏஜெண்டையும் கூப்பிட்டு வச்சுக் காட்டுவாரு. போட்ட ஆளுக்க மனசு தெளிவாத் தெரிஞ்சா எடுத்துக்கிடலாம். ஆருக்க சீட்டுண்ணு தெரிஞ்சாத்தான் செல்லாது. தமிழ்ல மூணு எழுத்து. அங்க எவனுக்கு என்ன தெரியும்?"

"அப்பம் செல்லுமா?"

"செல்லும். செல்லாம இருந்தாலும் இருக்கும். அது நமக்குத் தெரியாது. ஆரும் சொல்லவும் மாட்டாங்க."

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு. "மத்தவங்களுக்க சீட்டு சும்மாப் பறந்து போவும். எனக்கத நாலு வெள்ளக்காரன் குனிஞ்சு நிண்ணு பாப்பானுவ. இது என்ன பாஷைண்ணு சண்ட போடுவானுவ. சேசு மரி சூசை. சவமே."

சவம் என்றார். அதைக் கேட்டபிறகுதான் அழுகை வந்தது.

சிரிப்பு நின்றதும் என் கையைப் பிடித்தார். "மடிப்பப் பிரிச்சேன்னு சொன்னியே. அப்பம் பாத்தியா?"

"கண்ண மூடிக்கிட்டு எழுதுனேன்க்கா."

"கண்ண மூடிக்கிட்டு ஓரத்துல, எறும்பு மாதிரி." என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "செரி. மூடுனது மூடுனதாவே இருக்கட்டு. ஆருட்டயும் தெறக்காத."

தலையாட்டினேன்.


ஜூலை 2, செவ்வாய்

ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ.வில் ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்தான் போகலாம். நான் யார் என்று நர்ஸ் கேட்டாள். வேலைக்காரி என்றால் விடமாட்டார்கள் என்று தங்கச்சி என்றேன். அவளும் நம்ம பக்கம், தூத்துக்குடிப் பிள்ளை. கண்டுகொள்ளவில்லை.

கூரியரிலிருந்து மெசேஜ், அந்த நர்ஸ்தான் வாசித்துச் சொன்னாள். போய்ச் சேர்ந்தது, வாங்கினவர் கையெழுத்து என்று ஒரு கோடு. அக்கா முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். மாஸ்க் போட்டிருந்ததால் பேசமுடியவில்லை. விரலால் திரையைத் தொட்டார். அந்தக் கோட்டின் மேல்.

வெளியே ஆல்பர்ட்டுக்குப் போன். வியாழன் சாயந்தரம் பிளைட் என்றான். அதற்கு முன்னால் கிடைக்கவில்லையா தம்பி என்றேன். "அம்மா சொன்னாங்க ஆன்ட்டி, ஓட்டுப் போட்டுட்டு வான்னு. அதுக்கு மேல லேட் பண்ணமாட்டேன்" என்றான்.


ஜூலை 4, வியாழன்

மத்தியானம் 12.20. அக்கா போய்விட்டார்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. அங்கே அப்போது காலை. பூத்து திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

ஒருநாள் கேட்டேன், ஓட்டு அனுப்பினதுக்கப்புறம் ஆள் போயிட்டா என்னக்கா செய்வாங்க என்று. "போட்டப்ப உசிரோட இருந்தாச் செல்லும். நான் செத்தாலும் எனக்க ஓட்டு போய் நிக்கும்" என்றார். கிண்டலுக்குக் கேட்டது.


ஜூலை 6, சனி

சே.ம.சூ.

ஜெபல் அலியில் அடக்கம், மாமா பக்கத்திலேயே. அதற்குள் எத்தனை பேப்பர். ஆஸ்பத்திரி, போலீஸ், எம்பசி. அக்காவின் பாஸ்போர்ட்டை வாங்கி ஓரத்தில் வெட்டிக் கொடுத்தார்கள். ஆல்பர்ட் அதைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். கல்லறையில் ஆள் குறைவு. தூத்துக்குடி நர்ஸ் டூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். மலையாளத்து அண்ணனும் வந்தார். யார் சொன்னார்களோ.

நீலச் சேலையில்தான் அனுப்பினேன்.

என் விசா அக்கா பேரில். முப்பது நாளோ என்னவோ தருவார்கள். ஆல்பர்ட் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பார்ப்போம்.


ஜூலை 8, திங்கள்

சே.ம.சூ.

அலமாரி காலி பண்ணினோம். நர்ஸ் வாட்ச் ஒன்று, குத்துகிற ரிப்பன் இரண்டு, மழையில் நிறம் போனது. ஆல்பர்ட் சப்பாத்தி சாப்பிட உட்கார்ந்தவன், சாப்பிடாமல் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"பூத்துல இருந்து வெளியே வந்தேன் ஆன்ட்டி. வாசல்ல ஒரு லேடி ரிப்பன் குத்திட்டு நின்னாங்க. அவங்ககூடப் பேசிட்டு இருந்தப்பதான் உங்க போன்."

"தெரியாது தம்பி. தெரிஞ்சா கொஞ்சம் பொறுத்திருப்பேன்."

அக்காவின் தொகுதியில் யார் ஜெயித்தது என்று சொன்னான். கட்சிப் பெயரும், தான் போட்ட கட்சியின் பெயரும் சொன்னான், போனில் சின்னங்களைக் காட்டி. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல் ஊற்றினேன்.

"அம்மா யாருக்குப் போட்டாங்க? நீங்கதான கூட இருந்தீங்க. நான் போட்ட கட்சிக்கே அவங்களும் போட்டிருந்தா..." முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்தான். "ஒண்ணே ஒண்ணு ஒத்துப்போயிருந்தா நல்லாயிருக்கும் ஆன்ட்டி. சொல்லுங்க, ப்ளீஸ்."

நாற்பது வயது ஆள். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். சொல்லியிருந்தால் தூங்கியிருப்பான், அல்லது தூங்காமல் இருந்திருப்பான். இரண்டில் எது என்று எனக்குத் தெரியும்.

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி. நான் ஃபிரிட்ஜப் பாத்துல்லா நிண்ணேன்" என்றேன்.

இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை.